ஆப்பிள்ஸ்கிரிப்ட்: மேக் செயலிகளை ஒன்றோடொன்று பேசவைக்க முழுமையான வழிகாட்டி

மெயிலில் ஒரு கடிதம் வருகிறது. அதன் தலைப்பும் தேதியும் நம்பர்ஸ் அட்டவணையில் ஒரு வரிசையாக ஏற வேண்டும். இரண்டு நாளில் பதில் போடச் சொல்லி ரிமைண்டர்ஸில் ஒரு நினைவூட்டலும் விழ வேண்டும். கையால் செய்தால் கடிதத்துக்கு ஒரு நிமிடம் போகும். நடுவில் ஒன்றிரண்டு விட்டும் போகும். மூன்று செயலிகளுக்கும் நடுவே நின்று சேதி கொண்டுபோய்க் கொடுக்க ஆப்பிள்ஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி போதும். மேக்கில் அது ஏற்கெனவே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

எழுதுவது எளிது. எழுதியது ஆறு மாதம் கழித்தும் பிசகாமல் ஓட வேண்டும் என்றால், ஒவ்வொரு வரியும் எந்தச் செயலிக்குப் போகிறது, பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறது, பாதியில் நின்றால் என்ன மிஞ்சும் என்ற மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். நிரலை எழுதி ஓட்ட மேக்கிலேயே உள்ள ஸ்கிரிப்ட் எடிட்டர் செயலியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மேற்கோள் குறிக்குள் வரும் பெயர்கள் உங்கள் கணினியில் எப்படி இருக்கின்றனவோ அப்படியே இருக்கட்டும். தமிழில் பெயர் வைத்த அஞ்சல் பெட்டியும் சரியாக வேலை செய்யும். மேக் இயங்குதளத்தின் 2007-இல் வந்த லெப்பர்ட் பதிப்பு முதல் ஆப்பிள்ஸ்கிரிப்ட் உரை முழுவதும் யூனிகோடுதான்.

அடியில் நடப்பது என்ன

1991-இல் அன்றைய மேக் இயங்குதளமான சிஸ்டம் 7-உடன் ஆப்பிள் ஈவென்ட் என்ற ஏற்பாடு வந்தது. ஒரு செயலி இன்னொன்றுக்கு அனுப்பும் கட்டமைத்த செய்தி அது. 1993-இல் வந்த ஆப்பிள்ஸ்கிரிப்ட், அந்தச் செய்திகளை மனிதர் படிக்கும் சொற்களில் எழுத வழி செய்தது. ஒவ்வொரு ஈவென்ட்டுக்கும் நான்கெழுத்து வகைக்குறி ஒன்று, நான்கெழுத்து அடையாளக்குறி ஒன்று, போகவேண்டிய முகவரி, கூடவே தரவு. 'டெல் அப்ளிகேஷன் "மெயில்"' என்று எழுதும்போது முகவரியைத்தான் எழுதுகிறீர்கள். அந்தத் தொகுதிக்குள் மெயிலிடம் ஒன்றைக் கேட்கும்போதோ செய்யச் சொல்லும்போதோ ஒரு ஈவென்ட் கிளம்பிப் போய்ப் பதிலோடு திரும்புகிறது.

இந்தப் போக்குவரத்துக்கு விலை உண்டு. ஸ்கிரிப்டுக்குள்ளேயே நடக்கும் ஆயிரம் கூட்டல் கண்ணிமைக்கும் நேரம். செயலி எல்லையைத் தாண்டும் ஆயிரம் ஈவென்ட் அப்படியல்ல. ஆகவே எல்லையைத் தாண்டுவது குறைவாகவும், தாண்டும்போது ஒரே நடையில் நிறைய கொண்டுவருவதாகவும் இருக்க வேண்டும்.

முதல் படி: செயலியின் அகராதியைத் திறப்பது

ஸ்கிரிப்ட் எடிட்டரில் ஷிஃப்ட்-கமாண்ட்-ஓ அழுத்தினால் அகராதி கொண்ட செயலிகளின் பட்டியல் வரும். மெயிலைத் தேர்ந்தெடுங்கள். எந்தப் பொருளுக்கு எந்தப் பண்பு, எது படிக்க மட்டும், எதை மாற்றலாம் என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. ஒரு செயலி அந்தப் பட்டியலிலேயே இல்லையென்றால் அதற்கென்று சொற்கள் கிடையாது. சிஸ்டம் ஈவென்ட்ஸ் என்ற மேக்கின் துணைச் செயலி வழியாகப் பொத்தானை அமுக்கவைக்கும் குறுக்குவழிதான் மிஞ்சும். அதைக் கடைசிப் புகலிடமாக வையுங்கள். செயலியின் அடுத்த பதிப்பில் ஒரு பொத்தான் இடம் மாறினாலே ஸ்கிரிப்ட் படுத்துவிடும்.

மெயில் அகராதியில் ஒரு பொறி உண்டு. கடிதத்துக்கு 'ஐடி' என்றொரு எண்ணும் 'மெசேஜ் ஐடி' என்றொரு உரையும் இருக்கின்றன. முதலாவது மெயில் தன் வசதிக்குக் கொடுத்துக்கொண்ட எண். அஞ்சல் பெட்டியைப் புதுப்பித்துக் கட்டினால் மாறிவிடலாம். இரண்டாவது, கடிதத்தின் தலைப்பகுதியிலேயே எழுதப்பட்டு வந்தது, மாறாது. எந்தக் கடிதத்தை முடித்தாகிவிட்டது என்று பதிந்து வைக்க இரண்டாவதையே பயன்படுத்துங்கள்.

இரண்டாம் படி: படிக்கும் இடத்தைச் சுருக்குவது

மொத்த இன்பாக்ஸையும் சல்லடை போட வேண்டாம். மெயிலின் விதிகள் பகுதியில் ஒரு விதி எழுதி, தேவையான கடிதங்கள் மட்டும் தனிப் பெட்டிக்குப் போகும்படி செய்யுங்கள். ஸ்கிரிப்ட் அந்தப் பெட்டியை மட்டும் பார்க்கட்டும்:

டெல் அப்ளிகேஷன் "மெயில்"
செட் கடிதங்கள் டு (எவ்ரி மெசேஜ் ஆஃப் மெயில்பாக்ஸ் "விண்ணப்பம்" ஹூஸ் ரீட் ஸ்டேட்டஸ் இஸ் ஃபால்ஸ்)
எண்ட் டெல்

மதிப்பைப் பிடித்து வைக்கும் மாறிகளின் பெயரை மட்டும் புரிவதற்காகத் தமிழ்ச் சொல்லாகவே விட்டிருக்கிறோம். நீங்கள் ஆங்கில எழுத்தில் ஏதாவது பெயர் வைத்துக்கொள்ளலாம். பெட்டி ஒரு கணக்கின் கீழ் இருந்தால் 'ஆஃப் அக்கவுண்ட்' என்று கணக்கின் பெயரையும் சேர்க்க வேண்டும்.

இதில் 'ஹூஸ்' என்ற சொல்தான் பெரிய மிச்சம். வடிகட்டும் வேலை மெயிலுக்குள்ளேயே நடந்து, தேறியவை மட்டும் ஒரே பதிலாக வருகின்றன. அதை விட்டுவிட்டு எல்லாக் கடிதத்தையும் வாங்கி, ரிப்பீட் சுழலில் ஒவ்வொன்றாக 'நீ படிக்கப்பட்டாயா' என்று கேட்டால், ஐந்நூறு கடிதத்துக்கு ஐந்நூறு ஈவென்ட். ஸ்கிரிப்ட் மெதுவாக ஓடுகிறது என்றால் முதலில் சுழலுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஓடி முடிந்ததும் கீழே வரும் விடையைக் கவனியுங்கள். 'மெசேஜ் ஐடி 45123 ஆஃப் மெயில்பாக்ஸ்' என்பதுபோல அடையாள எண்ணோடு (மேலே சொன்ன 'ஐடி' எண்தான் அது) வந்தால், அந்தச் சுட்டு, அதாவது பொருளைக் காட்டும் முகவரி, ஒரு குறிப்பிட்ட கடிதத்தையே பிடித்திருக்கிறது. வேறு சில செயலிகள் 'டாக்குமெண்ட் 3' என்பதுபோல வரிசை எண்ணால் பதில் சொல்லும். அது ஆளின் பெயர் அல்ல, அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் எண். நடுவில் ஒன்றை நீக்கினாலோ புதியது ஒன்று முன்னால் வந்தாலோ அதே எண் வேறொன்றைக் காட்டும். வரிசை எண்ணால் சுட்டும் செயலியில் எதையாவது நீக்க வேண்டியிருந்தால் கடைசியிலிருந்து முதலுக்கு வாருங்கள்.

மூன்றாம் படி: தரவை உங்கள் கைக்கு எடுத்துக்கொள்வது

சுட்டையே வைத்துக்கொண்டு நம்பர்ஸ் தொகுதிக்குள் போகாதீர்கள். அங்கே போய் 'சப்ஜெக்ட்' என்று கேட்டால் அந்தச் சொல் நம்பர்ஸின் அகராதியில் இல்லை. ஸ்கிரிப்ட் தொகுக்கும்போதே நின்றுவிடும், அல்லது ஓடும்போது, கேட்டது கிடைக்கவில்லை என்று பொருள்படும் -1728 என்ற பிழை எண்ணைச் சொல்லும். மெயில் தொகுதிக்குள் இருக்கும்போதே தேவையானவற்றைச் சாதாரண உரையாகவும் தேதியாகவும் மாற்றி ஒரு பட்டியலில் சேருங்கள்:

ரிப்பீட் வித் க இன் கடிதங்கள்
செட் எண்ட் ஆஃப் பதிவுகள் டு {மெசேஜ் ஐடி ஆஃப் க, சப்ஜெக்ட் ஆஃப் க, டேட் ரிசீவ்ட் ஆஃப் க, கன்டென்ட்ஸ் ஆஃப் க}
எண்ட் ரிப்பீட்

'பதிவுகள்' என்பதற்கு முன்கூட்டியே வெற்றுப் பட்டியல் ஒன்றைக் கொடுத்திருக்க வேண்டும். கடைசியில் உள்ள 'கன்டென்ட்ஸ் ஆஃப்' எதற்கு? ரிப்பீட் சுழலில் வரும் மாறி உண்மையில் 'பட்டியலின் முதலாவது', 'பட்டியலின் இரண்டாவது' என்ற சுட்டுதான். உள்ளே இருப்பதை எடுத்துக் கொடுப்பது அந்தச் சொல். உரைப் பட்டியலில் சுழன்று 'க ஈக்வல்ஸ் "இது"' என்று ஒப்பிடும்போது இரண்டும் ஒன்றாகவே இருந்தும் 'இல்லை' என்று விடை வருவதற்கும் காரணம் இதுவே.

ஒரு தடவைக்குப் பத்திருபது கடிதம் என்றால் இந்தச் சுழலே போதும். ஆயிரக்கணக்கில் என்றால் 'சப்ஜெக்ட் ஆஃப் (எவ்ரி மெசேஜ் ஆஃப் மெயில்பாக்ஸ்...)' என்று பண்பை ஒரே மூச்சில் வாங்குங்கள். அந்த 'எவ்ரி மெசேஜ்' பகுதியை முதலில் ஒரு மாறியில் போட்டுவிட்டு, பிறகு அந்த மாறியிடம் சப்ஜெக்ட் கேட்டால் கிடைக்காது. அதற்குள் அது வெறும் பட்டியலாகிவிட்டது. பட்டியலுக்கு ஏது சப்ஜெக்ட்! இப்படி மொத்தமாக வாங்கும்போது இன்னொரு காவலும் தேவை. தலைப்புகளை வாங்கிய பிறகு, தேதிகளை வாங்குவதற்குள் புதுக் கடிதம் வந்துவிட்டால் இரண்டு பட்டியலும் ஒன்றுக்கொன்று ஒரு இடம் தள்ளிப் பொருந்தும். தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் ஐடி பட்டியலை வாங்கி ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் முதலிலிருந்து வாங்குங்கள்.

டெல் தொகுதிக்குள் நீங்களே எழுதிய துணைநிரலை அழைக்கும்போது முன்னால் 'மை' என்று போட மறக்காதீர்கள். போடாவிட்டால் அந்த அழைப்பு மெயிலுக்குப் போகும். மெயில் அப்படியொரு கட்டளையைக் கேள்விப்பட்டதில்லை, -1708 வரும். புதிதாக எழுதுபவர்களின் அரைநாளைத் தின்பது பெரும்பாலும் இந்த ஒரு சொல்தான்.

நான்காம் படி: நம்பர்ஸில் வரிசை ஏற்றுவது

மெயிலின் டெல் தொகுதியை மூடிவிட்டு நம்பர்ஸுக்குத் தனித் தொகுதி திறங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால் மொழி ஏற்றுக்கொள்ளும். ஆனால் எந்தச் சொல் யாருக்குப் போகிறது என்று நீங்களே பின்னாளில் படித்துச் சொல்ல முடியாது.

ஆவணம் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'ஓப்பன்' கட்டளை முடிந்த அதே நொடியில் ஆவணம் தயாராக இருக்கும் என்று நம்ப முடியாது. 'டிலே 5' என்று குருட்டுக் காத்திருப்பு வைப்பதைவிட, 'எக்ஸிஸ்ட்ஸ் டாக்குமெண்ட்' என்று அரை நொடிக்கு ஒருமுறை, அதிகபட்சம் இருபது முறை கேளுங்கள். வந்ததும் சுழலை விட்டு வெளியேறலாம். பத்து நொடியிலும் வரவில்லையென்றால் பிழை எழுப்புங்கள். ஆவணத்தைப் பெயரால் அழையுங்கள். 'டாக்குமெண்ட் 1' என்பது முன்னால் இருக்கும் ஆவணம். பயனர் வேறொன்றைத் திறந்திருந்தால் உங்கள் வரிசைகள் அதில் போய் விழும்.

செயலியை எழுப்ப 'லாஞ்ச்' போதும். 'ஆக்டிவேட்' அதை முன்னால் இழுத்துவந்து, தட்டச்சு செய்துகொண்டிருப்பவரின் கவனத்தைப் பறிக்கும். ஓடுகிறதா என்று மட்டும் தெரிய வேண்டுமானால் 'இஃப் அப்ளிகேஷன் "நம்பர்ஸ்" இஸ் ரன்னிங்' என்று கேளுங்கள். இந்தக் கேள்வி செயலியைத் திறக்காது.

அட்டவணையின் முதல் நெடுவரிசை மெசேஜ் ஐடிக்கு. அதன் எல்லா மதிப்புகளையும் 'வேல்யூ ஆஃப் எவ்ரி செல் ஆஃப் காலம் 1' என்று ஒரே தடவையில் வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிவுக்கும் அந்த ஐடி ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மட்டும் 'ஆட் ரோ பிலோ லாஸ்ட் ரோ', பிறகு புதிய கடைசி வரிசையின் கட்டங்களில் மதிப்பு. அடிக்குறிப்பு வரிசை இருந்தால் கடைசி வரிசை என்ற கணக்குக் குழம்பும், அதை நீக்கிவிடுங்கள். தலைப்பு வரிசையும் வரிசை எண்ணிக்கையில் சேரும். முதல் தரவு வரிசை பெரும்பாலும் 2-ஆவது.

நம்பர்ஸ், நீங்கள் கொடுக்கும் உரையைக் கையால் தட்டியதுபோலவே எடுத்துக்கொள்கிறது. '00123' கொடுத்தால் 123 என்ற எண்ணாகிவிடும். சமக்குறியில் தொடங்கும் கடிதத் தலைப்பு சூத்திரமாகிவிடும். அதனால் தலைப்பு சமக்குறியில் தொடங்கினால் முன்னால் ஓர் ஒற்றைக்கோடோ புள்ளியோ சேருங்கள். தேதியை உரையாக அனுப்பாமல் தேதிப் பொருளாகவே அனுப்புங்கள். உரையாக எழுதிய 03/04 எந்தக் கணினியில் மார்ச், எந்தக் கணினியில் ஏப்ரல் என்பது அந்தந்தப் பயனரின் வட்டார அமைப்பைப் பொறுத்தது. ஸ்கிரிப்டில் குறிப்பிட்ட தேதி ஒன்றைக் கட்ட வேண்டியிருந்தால் 'கரண்ட் டேட்' வாங்கி, நாளை முதலில் 1 ஆக்குங்கள். அதன்பின் ஆண்டு, மாதம், கடைசியாக உண்மையான நாள். 31-ஆம் தேதி அன்று ஓடும் ஸ்கிரிப்டில் மாதத்தை முதலில் பிப்ரவரிக்கு மாற்றினால் அது மார்ச்சுக்கு வழிந்துவிடும். மாதத்தில் மற்ற நாளெல்லாம் சரியாக ஓடி, மாதக் கடைசி நாட்களில் மட்டும் தவறும் பிழை இது.

ஐந்தாம் படி: நினைவூட்டல், பிறகுதான் 'படித்தாயிற்று'

டெல் அப்ளிகேஷன் "ரிமைண்டர்ஸ்"
டெல் லிஸ்ட் "விண்ணப்பம்"
மேக் நியூ ரிமைண்டர் வித் ப்ராப்பர்ட்டீஸ் {நேம்:தலைப்பு, டியூ டேட்:(கரண்ட் டேட்) + 2 * டேஸ்}
எண்ட் டெல்
எண்ட் டெல்

'தலைப்பு' என்பது பதிவிலிருந்து எடுத்த கடிதத் தலைப்பு. 'டேஸ்' என்பது மொழியிலேயே உள்ள மாறிலி, 86400 நொடி.

இப்போது வரிசைமுறை. கடிதத்தைப் படித்ததாகக் குறிப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும். முதலிலேயே குறித்துவிட்டு, நம்பர்ஸ் தடுமாறினால் அந்தக் கடிதம் அடுத்த ஓட்டத்தில் வடிகட்டியில் சிக்காது. யாருக்கும் தெரியாமல் தொலைந்துபோகும். கடைசியில் குறித்தால், பாதியில் நின்ற கடிதம் அடுத்த முறை மறுபடி வரும். அட்டவணையில் ஐடி இருப்பதால் வரிசை இரட்டிக்காது. நினைவூட்டல் இரட்டிக்காமல் இருக்க அட்டவணையில் 'நினைவூட்டல் ஆயிற்று' என்று இன்னொரு நெடுவரிசை வையுங்கள். ரிமைண்டர்ஸ் பதில் சொன்ன பிறகு அதை நிரப்புங்கள். ஒவ்வொரு கடிதத்தையும் தனித்தனி 'ட்ரை' தொகுதிக்குள் போட்டால், ஒன்று கெட்டாலும் மற்றவை தேங்காது. 'ஆன் எரர் சேதி நம்பர் எண்' என்று எழுதி இரண்டையும் பதிவுக் கோப்பில் சேருங்கள். பிழையை விழுங்கிவிடும் வெற்று 'ட்ரை' எழுதுவதைவிட அது இல்லாமலே இருப்பது மேல்.

காத்திருப்பு

ஈவென்ட் அனுப்பிய ஸ்கிரிப்ட் பதிலுக்கு இரண்டு நிமிடம் காத்திருக்கும். வராவிட்டால் -1712. நீளமான வேலையைச் சுற்றி 'வித் டைம்அவுட் ஆஃப் 600 செகண்ட்ஸ்' போட்டுப் பத்து நிமிடமாக்கலாம். ஆனால் ஒன்றை உறுதியாக நினைவில் வையுங்கள்: நேரம் முடிந்தது என்றால் ஸ்கிரிப்ட் காத்திருப்பதை நிறுத்தியது என்றுதான் பொருள். எதிர்முனையில் உள்ள செயலி அந்த வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கலாம். -1712 வந்ததும் அதே கட்டளையை மறுபடி அனுப்பினால் இரண்டு வரிசை ஏறும். மறுமுயற்சிக்கு முன் ஐடி நெடுவரிசையைப் புதிதாக வாங்கிப் பாருங்கள்.

செயலியில் 'சேமிக்கவா?' போன்ற உரையாடல் பெட்டி திறந்து நின்றால் அதுவும் இந்தப் பிழையாகவே வந்து சேரும். ஆவணத்தை மூடும்போது 'சேவிங் எஸ்' அல்லது 'சேவிங் நோ' என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், பெட்டி வராது.

'இக்னோரிங் அப்ளிகேஷன் ரெஸ்பான்சஸ்' என்றும் ஒன்று உண்டு. அனுப்பிவிட்டுக் காத்திராமல் போய்விடும். பாட்டை நிறுத்துவது போன்ற வேலைக்குச் சரி; தரவு எழுதும் இடத்தில் வேண்டாம், பிழையும் சேர்ந்து காணாமல் போகும்.

அனுமதி

மேக் இயங்குதளத்தின் 2018-இல் வந்த மொஹாவி பதிப்பு முதல், ஒரு செயலி இன்னொன்றுக்கு ஈவென்ட் அனுப்பப் பயனரின் ஒப்புதல் தேவை. ஒப்புதல் சோடி சோடியாகப் பதிவாகும்: அனுப்புபவர் ஒருவர், பெறுபவர் ஒருவர். ஸ்கிரிப்ட் எடிட்டரிலிருந்து மெயிலுக்கு அனுமதி கொடுத்தது, கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் செயலியிலிருந்து ஓட்டும்போது செல்லாது. டெர்மினல் தனியாகக் கேட்கும். எடிட்டரில் ஓடியது தானியங்கியாக ஓடும்போது -1743 என்று நிற்பதற்கு வழக்கமான காரணம் இதுதான்.

ஒருமுறை மறுத்துவிட்டால் மறுபடி கேட்காது. சிஸ்டம் செட்டிங்ஸில் தனியுரிமை, பாதுகாப்பு பகுதியில் ஆட்டோமேஷன் என்ற பட்டியலுக்குப் போய் அந்தச் சோடியை இயக்க வேண்டும். முழுக்கக் குழம்பிவிட்டால் டெர்மினலில் 'டிசிசியுடில் ரீசெட் ஆப்பிள்ஈவென்ட்ஸ்' என்று தட்டினால் எல்லா ஒப்புதலும் அழிந்து மறுபடி கேட்கத் தொடங்கும். மற்ற செயலிகளுக்குக் கொடுத்த ஒப்புதலும் சேர்ந்து போகும் என்பதை அறிந்து செய்யுங்கள். சிஸ்டம் ஈவென்ட்ஸ் வழியாகப் பொத்தான் அமுக்கவைத்தால் ஆக்ஸசிபிலிட்டி என்ற வேறொரு அனுமதியும் வேண்டும்.

அடிக்கடி வரும் மற்ற எண்கள்: -600 என்றால் செயலி ஓடவில்லை. -609 என்றால் ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் மூடிவிட்டது. -1719 பெரும்பாலும் இல்லாத வரிசை எண்ணைக் கேட்டதால். -128 பயனர் ரத்து செய்தது. இதைப் பிழையாகப் பதியாமல் அமைதியாக வெளியேறுங்கள்.

தானாக ஓடவைப்பது

எளிய வழி, ஸ்கிரிப்டைச் செயலியாகச் சேமித்து 'ஸ்டே ஓப்பன்' குறியை இடுவது. 'ஆன் ஐடில்' தொகுதிக்குள் வேலையை வைத்து, முடிவில் 'ரிட்டர்ன் 300' என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். எண் எதுவும் திருப்பாவிட்டால் 30 நொடி. அனுமதியும் இந்தச் செயலியின் பெயரிலேயே பதிவாவதால் நிர்வகிக்க வசதி. ஸ்கிரிப்டைத் திருத்தி மறுபடி சேமித்தால் ஒப்புதல் மீண்டும் கேட்கப்படலாம். திருத்திய பிறகு ஒருமுறை நேரில் ஓட்டிப் பாருங்கள்.

பின்னணி வேலைகளைத் தொடங்கி ஓட்டும் மேக்கின் லாஞ்ச்டி வழியாகவும் செய்யலாம். அப்போது பயனரின் லைப்ரரி கோப்புறையில் உள்ள லாஞ்ச்ஏஜெண்ட்ஸில் கோப்பை வைத்து, 'ஸ்டார்ட்இன்டர்வல்' 300 கொடுங்கள். கணினிக்குப் பொதுவாகப் பின்னணியில் ஓடும் டீமன்களோடு வைத்தால், உள்நுழைந்த பயனரின் திரையில் ஓடும் மெயிலை அது எட்டாது. முந்தைய ஓட்டம் முடியாதிருந்தால் லாஞ்ச்டி அதே வேலையின் இரண்டாம் பிரதியைத் தொடங்காது என்பது இங்கே கூடுதல் நன்மை.

டெர்மினல் கட்டளையை ஷெல் வழியாக ஓட்டும் 'டூ ஷெல் ஸ்கிரிப்ட்' கொண்டு பதிவுக் கோப்பில் எழுதுவதானால், கடிதத் தலைப்பைக் கட்டளைக்குள் நேராக ஒட்டாதீர்கள். 'கோட்டெட் ஃபார்ம் ஆஃப்' வழியாகவே அனுப்புங்கள். யாரோ அனுப்பிய கடிதத்தின் தலைப்பு உங்கள் கணினியில் கட்டளையாக ஓடும் வாசலை அது அடைக்கிறது. அந்த ஷெல் கருவிகளைத் தேடும் கோப்புறைப் பட்டியல் (பாத்) குறுகியது. நீங்களே நிறுவிய கருவியை முழுப் பாதையோடு அழைக்க வேண்டும். ஷெல்லிலிருந்து திரும்பும் உரையில் வரிமுறிவுகள் பழைய மேக் வடிவுக்கு மாறியிருக்கும். மாறக்கூடாதென்றால் 'விதவுட் ஆல்டரிங் லைன் எண்டிங்ஸ்' சேருங்கள்.

நம்பி விடுவதற்கு முன் நான்கு கடிதங்களை நீங்களே அனுப்பிப் பாருங்கள்: சமக்குறியில் தொடங்கும் தலைப்பு ஒன்று, ஒற்றை மேற்கோள் குறி உள்ளது ஒன்று, தலைப்பே இல்லாதது ஒன்று, தமிழ்த் தலைப்பு ஒன்று. ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது நம்பர்ஸை வலுக்கட்டாயமாக மூடுங்கள். மறுபடி திறந்து ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். அட்டவணையில் நான்கு வரிசை, ரிமைண்டர்ஸில் நான்கு நினைவூட்டல், பெட்டியில் படிக்காதது எதுவும் இல்லை என்று வந்தால் ஐந்து நிமிட இடைவெளியில் ஓடவிடலாம்.